இமெல்டா சொல்லாமல் விட்டது

லொங்குய்யில் இருக்கும் அந்த மரக்கறித் தொழிற்சாலையில் எட்டுத் தமிழ்ப் பெண்கள் வேலை செய்தார்கள். எட்டுப் பேருக்கும் வாய் ஒன்றுதான். அது இமெல்டாவின் வாய்.

மற்ற ஏழு பேருக்கும் பேச்சு வராது என்று நினைத்துவிடக்கூடாது. கோவாவையும் கரட்டையும் வெட்டிக்கொண்டே அவர்கள் தமிழில் கதைக்கத் தொடங்கினால் பக்கத்து மேசையில் நிற்கும் ஹெய்ட்டிக்காரப் பெண்கள் காதுக்குள் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். பிரெஞ்சு என்று வந்தால்தான் எல்லோருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இமெல்டா மன்னார் பேசாலையிலிருந்து வந்த புதிதில், அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்புக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பனியில் நடந்து போனவள். அந்தப் படிப்பின் பயனாக அவள் வெட்டுமேசைக்குப் பொறுப்பாளியானாள். பல்லுவலியா, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கூட்டமா, யாரும் மனேஜர் மடாம் ஷந்தாலிடம் நேரே போகமாட்டார்கள். இமெல்டாவுக்குப் போன் எடுப்பார்கள். இமெல்டா மடாமிடம் சொல்வாள். மடாமுக்கும் அது வசதியாக இருந்தது. இமெல்டாவுக்குப் பெருமையாக இருந்தது. ஏன் இராது? ஊரில் மீன் வாடியில் கருவாடு புரட்டியவள் இங்கே எட்டுக் குடும்பத்துக்குப் பேச்சாளி.

வாய் இமெல்டா என்றால் கால் றெனோல்ட். அவர்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்ரென்ஷனிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லொங்குய்க்கு மெட்ரோவில் வருவதென்றால் நீலம், செம்மஞ்சள், மஞ்சள் என்று மூன்று பாதை மாறி, பிறகு பஸ்ஸுக்கு நின்று, மாசி மாதத்தில் மூக்கு இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். றெனோல்ட் தன் வானில் எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு பாலம் கடந்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்ப் பார்சல் கொடுப்பான். வேலை முடியும்போது திரும்பி வந்து நிற்பான். முன் ஆசனம் எப்போதும் இமெல்டாவுக்கு. இறங்கும்போது கை கொடுப்பான். மடுமாதா திருநாளுக்குப் பந்தல் போடுவதும் அவன்தான், கோயில் படியில் பனி உறையாமல் உப்புத் தூவுவதும் அவன்தான். தங்கமான பொடியன் என்று கோயில் பங்குச் சனம் எல்லோரும் சொன்னார்கள்.

அந்தத் தங்கமான பொடியனின் மனைவிதான் றெபேக்கா. எட்டுப் பேரில் இளையவள். வானில் கடைசி ஆசனத்தில் ஜன்னலோரம் இருந்து வருவாள்.

அவன் அவளுக்கு அடிக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் பார்த்ததில்லை, யாரும் கேட்டதில்லை, ஆனால் தெரியும். ஒருநாள் தாடைக்குக் கீழே நீலம் பாரித்திருக்கும். ஒருநாள் கத்தியைப் பிடிக்க மணிக்கட்டு விடாது. ஐஸில் வழுக்கிவிட்டேன் என்பாள். கோடையில் என்றால் படியில் வழுக்கிவிட்டேன் என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அவள் ஒருத்தி செய்யவில்லை, எட்டுப் பேரும் சேர்ந்து செய்தார்கள். எல்லோரிலும் மூத்த லோகநாயகி அக்கா மட்டும் ஒருதடவை வாய் திறந்தார். "குடும்பம் எண்டா நாலும் இருக்கும். கிளறாதேங்கோ. வான் ஓடினாச் சரி." லோகநாயகி அக்காவுக்கு முழங்கால் வருத்தம். வீட்டில் ஓய்வூதியத்தோடு இருக்கும் அவர் கணவர் ரங்கநாதன் அண்ணை யாரைக் கண்டாலும் கை கூப்பிக் கும்பிடுகிற சாது என்று பெயர் எடுத்தவர். அக்கா சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

பவுடர் போட்டும் மறைக்க முடியாத நாட்களில் றெபேக்கா வேலைக்கு வரமாட்டாள். அன்றைக்கு றெனோல்ட் முன் கதவைத் திறந்துவிட்டுச் சொல்வான்: "அன்ரி, றெபேக்காவுக்குக் காய்ச்சல். ஒருக்கா மடாமுக்குச் சொல்லிவிடுங்கோ." இமெல்டா சொல்வாள். எப்போதும் காய்ச்சல் என்று சொன்னால் நம்பமாட்டார்கள் என்று ஒருதடவை வயிற்றோட்டம் என்பாள், ஒருதடவை பிள்ளைக்குக் காதுவலி என்பாள். கைராசியான வைத்தியர் மருந்தை மாற்றுவதுபோல இவள் வியாதியை மாற்றினாள். ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் மனதார நம்பினாள்.

போன இலையுதிர் காலத்தில் மடாம் ஷந்தால் தமிழ்ப் பெண்கள் எல்லாரையும் சாப்பாட்டறைக்குக் கூப்பிட்டாள். கனகாலமாக இருக்கிற ஒரு சட்டத்தைப் பற்றி யாருக்கும் தெரியாமல் இருக்கிறது, அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்றாள். வீட்டில் கணவனாலோ உறவினாலோ அடி, மிரட்டல், கொடுமை என்று இருக்கிறவர்களுக்கு லீவு உண்டு. முதல் இரண்டு நாளுக்குச் சம்பளமும் உண்டு. அதற்கு மேல் சம்பளம் இல்லை, ஆனால் மாதக்கணக்கில் நின்றாலும் வேலை போகாது. பொலிஸுக்குப் போயிருக்க வேண்டும் என்றில்லை. என்னிடம் வந்து காரணத்தைச் சொன்னால் போதும், அது இந்த அறையைத் தாண்டிப் போகாது. அடிக்கிறவன் வேலைத்தலம் வரைக்கும் தேடி வந்தால் அதிலிருந்து காப்பாற்றுவதும் எங்கள் பொறுப்பு. இவ்வளவையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லிவிட்டு மடாம் இமெல்டாவைப் பார்த்தாள்.

இமெல்டா எழுந்து நின்றாள். எதிரே ஏழு பேர். ஆறு பேர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வரிசையில் றெபேக்கா சட்டைக் கையை விரல்வரைக்கும் இழுத்துவிட்டபடி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருசன் அடித்தால் என்று இந்த இடத்தில் சொன்னால், றெபேக்காவை எழுப்பி நிறுத்தி விரலால் காட்டுவதுபோல ஆகாதா? பாம்புக்கும் நோகாமல் பாம்படித்த தடிக்கும் நோகாமல் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது.

"குடும்ப அலுவல் ஏதும் வந்தா லீவு கேக்கலாமாம்" என்றாள் இமெல்டா. பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

மடாம் புருவத்தை உயர்த்தினாள். "நான் அவ்வளவு நேரம் பேசினேன். உனக்கு ஒரு வசனம் போதுமா?"

"தமிழ் சுருக்கமான மொழி, மடாம்."

தமிழைப் பற்றி அதைவிடப் பெரிய பொய்யை இதுவரை யாரும் சொன்னதில்லை. கல்யாண வீட்டில் வாழ்த்துரை கேட்ட எவரும் அதற்குச் சாட்சி. மடாம் பாவம், நம்பினாள்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மடாம் இமெல்டாவைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அன்றைக்கும் றெபேக்கா வரவில்லை. அன்றைக்கும் காய்ச்சல் என்றுதான் இமெல்டா சொல்லியிருந்தாள்.

"றெபேக்கா விஷயம்" என்றாள் மடாம். "ஆரம்பத்தில் அவள் வராத நாட்களுக்கு நான் டொக்டர் எழுதிக் கொடுக்கும் துண்டு கேட்கவில்லை. பிறகு கேட்டேன். கொண்டு வருவாள் என்று நீதான் சொன்னாய். ஒன்றுகூட வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் இதை முடிக்கும்படி மேலிடம் சொல்கிறது."

"முடிப்பது என்றால்?"

"வேலையை விட்டு நிறுத்துவது. காரணமே இல்லாமல் இத்தனை லீவு என்றால் நான் எப்படி அவள் பக்கம் பேசுவது?"

காய்ச்சல் இல்லாதவளுக்கு எந்த டொக்டர் துண்டு கொடுப்பான்? ஐந்து வருடத்துக்கு முன் கல்யாணமாகி வந்த பெண். கோயிலுக்கு அவனோடு, கடைக்கு அவனோடு, ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் வாங்குவதென்றாலும் அவனோடு. அவளுடைய போனை அவன் பார்ப்பான். அவன் பக்கத்தில் இல்லாமல் அவள் மூச்சு விடுகிற ஒரே இடம் இந்த வெட்டுமேசை. இந்த வேலையும் போனால் அந்த வீட்டிலிருந்து வெளியே வர அவளுக்கு வேறு வாசல் கிடையாது.

மடாம் பேனாவைக் கீழே வைத்தாள். "நான் முட்டாள் இல்லை, இமெல்டா. எனக்கும் கண் இருக்கிறது. வேறு காரணம் ஏதாவது இருந்தால் சட்டம் அவள் பக்கம். அதற்காகத்தானே அன்றைக்கு எல்லோரையும் கூட்டிச் சொன்னேன்? நீதானே மொழிபெயர்த்தாய்? இவ்வளவு சொன்ன பிறகும் அவள் ஒருநாளும் என் கதவைத் தட்டவில்லை. அப்படியென்றால் அப்படி ஒன்றும் இல்லை என்றுதானே நான் எடுத்துக்கொள்ள வேண்டும்?"

அந்தக் கூட்டத்தில் தான் விழுங்கியது எது என்று அப்போதுதான் இமெல்டாவுக்கு முழுதாகத் தெரிந்தது. அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"நான் சொன்னால் போதுமா, மடாம்?"

"போதாது. அவள் சொல்ல வேண்டும். நீ மொழிபெயர்க்கலாம்."

மறுநாள் காலை வான் வந்து நின்றபோது கடைசி ஆசனம் வெறுமையாக இருந்தது. றெனோல்ட் இறங்கி வந்து முன் கதவைத் திறந்துவிட்டான். ஒரு பூனைக் கீறல் அவன் புறங்கையில் சிவந்திருந்தது. அவர்கள் வீட்டில் பூனை இல்லை.

"காய்ச்சல் இன்னும் விடேல்லை, அன்ரி. வழமைபோல நீங்களே சொல்லிவிடுங்கோ."

வழமைபோல. இமெல்டா ஆசனப் பட்டியைப் போட்டுக்கொண்டு முன் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். வேலைக்கு வந்த இந்த மூன்று வருடத்தில் றெபேக்கா ஒருநாளாவது தன் வாயால் லீவு கேட்டிருக்கிறாளா? இல்லை. எல்லாக் காய்ச்சலும் இவன் வாயிலிருந்து வந்த காய்ச்சல்தான். தான் றெபேக்காவுக்காகப் பொய் சொன்னதாக அல்லவா நினைத்திருந்தாள்? ஒரு சொல்கூட அவளுக்காகச் சொல்லவில்லை. அடித்தவனுக்குத்தான் பிரெஞ்சில் வக்காலத்து வாங்கியிருக்கிறாள், அதுவும் அவன் வானில் முன் ஆசனத்தில் இருந்துகொண்டு. இமெல்டாவுக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. பாதிக் கோபம் அவன்மேல், பாதி தன்மேல்.

பாலத்தில் ஏறும்போது அவள் சொன்னாள்: "தம்பி, வெள்ளிக்கிழமைக்குள்ள அவ வந்து நிக்காட்டி வேலையாலை நிப்பாட்டப் போகினம். நாளைக்கு அனுப்பு."

பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் சொன்னான்: "போனாப் போகட்டும், அன்ரி. பிள்ளையோடை வீட்டிலை நிக்கட்டும்."

இமெல்டாவுக்கு விளங்கிவிட்டது. அதைத்தான் அவன் விரும்புகிறான். பின்னாலிருந்து லோகநாயகி அக்காவின் குரல் வந்தது.

"என்ன கதை கதைக்கிறாய், ராசா? அவளின்ரை மேசையையும் சேத்து நான்தான் வெட்டுறன். என்ரை கை கழண்டு போச்சு. அவளை நிப்பாட்டினா எனக்கும் ஏலாது, நானும் நிண்டிடுவன். பேந்து நீ ஆரை ஏத்துவாய்? நாளைக்குக் கூட்டிக்கொண்டு வா."

பெரியவர்கள் சொன்னால் தட்டாத பிள்ளை என்ற பேரையும் அவன் காப்பாற்ற வேண்டியிருந்தது. சரி, பாப்பம் என்றான்.

வியாழக்கிழமை றெபேக்கா வந்தாள். கழுத்து மூடிய ஸ்வெற்றர், முகம் முழுக்கப் பவுடர். மற்றவர்கள் மேலங்கி போட்டுக்கொண்டு வெட்டும் அறைக்குப் போகும்வரைக்கும் இமெல்டா உடுப்பு மாற்றும் அறையிலேயே நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

"பிள்ளை, உன்னை நாளைக்கு வேலையாலை நிப்பாட்டப் போகினம். கேள். அண்டைக்கு மடாம் கதைச்சதிலை நான் உங்களுக்குக் கால்வாசியும் சொல்லேல்லை."

சொன்னாள். லீவைச் சொன்னாள், சம்பளத்தைச் சொன்னாள், வேலை போகாது என்பதைச் சொன்னாள், இரகசியம் காப்பார்கள் என்பதைச் சொன்னாள். புருசன் அடித்தால் என்ற சொற்களையும் சொன்னாள்.

றெபேக்கா தலைமயிரை வலைத்தொப்பிக்குள் தள்ளிக்கொண்டே கேட்டாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"எனக்குத் தெரியும், அன்ரி."

"என்ன தெரியும்?"

"வயலன்ஸ் எண்டு மடாம் சொன்னவ. இங்கிலீசிலையும் அதுதானே. எனக்கு அது விளங்கினது. நீங்கள் எழும்பிச் சொல்லுவியள் எண்டு உங்களையே பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் சொல்லேல்லை. அன்ரிக்கு எல்லாம் தெரியும், அவவே சொல்லேல்லை எண்டா, நான் கேக்கக்கூடாது எண்டுதான் அர்த்தமாக்கும் எண்டு விட்டிட்டன்."

இமெல்டா வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தப் பெண் குறையாகக்கூடச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். தன் ஒரு வசனம் அவளைக் குளிர்காலம் முழுக்க அந்த வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறது. கண்ணீர் வந்தது. துடைக்க நேரம் இல்லை.

"என்னிலைதான் பிழை, ராசாத்தி. இப்ப எழும்பு. மடாமிட்டைப் போவம்."

"நான் சொன்னா வான் நிண்டிடும், அன்ரி."

"என்ன?"

"அவர் அதைத்தான் சொல்லுறவர். நீ வாய் திறந்தா ஏழு பேரின்ரை பிழைப்பும் போகும், அவையெல்லாம் உன்னைத்தான் திட்டுவினம் எண்டு. லோகா அன்ரிக்கு முழங்கால் ஏலாது. ஆர்த்திகா அக்கா பிள்ளையைக் கார்டெரியிலை விட்டிட்டு எப்பிடி மூண்டு மெட்ரோ மாறி வாறது?"

அடி வாங்குகிறவள் மற்றவர்களின் முழங்காலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவர்கள் என்னடாவென்றால் வான் ஓடினால் சரி என்று இருந்திருக்கிறார்கள். எட்டுப் பேரும் ஒரே வானில் போனார்கள், கூலியை மட்டும் ஒருத்தி கட்டியிருக்கிறாள்.

"வான் போனாப் பஸ் இருக்கு" என்றாள் இமெல்டா. "நீ எழும்பு."

"உள்ளுக்கு நீங்களும் வருவியளோ?"

"வருவன். ஆனா நீதான் சொல்லவேணும். நான் ஒண்டும் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்."

மடாமின் அறையில் றெபேக்கா கதிரையின் நுனியில் இருந்தாள். மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். இமெல்டா, அவள் சொல்கிறாள், அவளை அவன், என்று தொடங்கினாள். மூன்றாவது வசனத்தில் அது சரிப்பட்டு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் சொல்கிறாள் என்று வைத்தால், அது உண்மையோ பொய்யோ தனக்குத் தெரியாது என்பதுபோல ஒலித்தது. அதை விட்டுவிட்டாள். நான் என்றே பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினாள். என் கழுத்தைப் பிடித்தான். என் போனை எடுத்து வைத்துக்கொண்டான். என்னை பால்கனியில் விட்டுக் கதவைப் பூட்டினான், வெளியே பனி பெய்தது. அடித்த பிறகு மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று இனிமேல் செய்யமாட்டேன் என்று என்னைத் தொட்டுச் சத்தியம் செய்வான். நான் நம்புவேன்.

நான் என்று சொல்லச் சொல்ல இமெல்டாவின் குரல் உடைந்தது. மடாம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாருக்கு நடந்தது என்று ஒரு கணம் அவளுக்கே குழம்பியிருக்கும்.

"காய்ச்சல் எண்டு சொன்ன நாளெல்லாம் எனக்குக் காய்ச்சல் இல்லை" என்றாள் றெபேக்கா.

இமெல்டா அதையும் ஒரு சொல் குறையாமல் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் கணக்கில் இரண்டு வசனம் சேர்த்தாள். "அந்தப் பொய்யை உங்களிடம் சொன்னது நான், மடாம். அன்றைய கூட்டத்தில் நீங்கள் சொன்னதை இவர்களுக்குச் சொல்லாமல் விட்டதும் நான்." "அதைப் பிறகு பேசுவோம்" என்றாள் மடாம். அதில் கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

"மகளின் முன்னாலும் நடக்குமா?" என்று மடாம் கேட்டாள். இமெல்டா தமிழில் கேட்டாள்.

றெபேக்கா ஆம் என்று தலையாட்டினாள். நாலு வயது ஷெரோன் வீட்டிலும், குழந்தைகள் காப்பகமான கார்டெரியில் பழகிய பிரெஞ்சுதான் பேசுவாள். றெபேக்கா மடாமை நேராகப் பார்த்து, இமெல்டாவுக்காகக் காத்திராமல், மகள் சொல்வதை அப்படியே சொன்னாள்: "அரெத், பாபா. அரெத்."

நிறுத்து அப்பா, நிறுத்து. இமெல்டாவுக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. மடாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. லீவு இன்றைக்கே தொடங்குகிறது, பழைய நாட்களும் அதே காரணத்தில் பதியப்படும், மேலிடத்தோடு நான் பேசிக்கொள்கிறேன் என்றாள் மடாம். அவளுடைய மேசைப் போனிலிருந்தே உதவி எண்ணுக்கு எடுத்தார்கள். இமெல்டா இடையில் நின்று இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொன்னாள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு பாதுகாப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது. மத்தியானம் சரக்கு ஏற்றுகிற பின்வாசலுக்கு டாக்ஸி வந்தது. முதலில் கார்டெரி, பிறகு இல்லம். ஏறுவதற்கு முன் றெபேக்கா இமெல்டாவின் கையைப் பிடித்தாள்.

"மற்ற ஆக்களுக்கும் சொல்லிவிடுங்கோ, அன்ரி. இல்லாட்டி என்னைக் காணேல்லை எண்டு வீட்டுக்குப் போன் எடுப்பினம்."

பின்னேர இடைவேளையில் இமெல்டா ஆறு பேரையும் ஒரு மூலைக்குக் கூப்பிட்டாள். "றெபேக்கா லீவிலை போயிட்டா. புருசன் அடிச்சா எடுக்கக்கூடிய லீவு. அண்டைக்கு மடாம் சொன்னது அதைத்தான். நான்தான் உங்களிட்டை மறைச்சனான். எங்கை போனவ எண்டு ஒருத்தரும் கேக்கக்கூடாது." ஆர்த்திகா அழுதாள். ஒருத்தி, அப்ப நாளைக்கு வான், என்று தொடங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். லோகநாயகி அக்கா திரும்பிப் போய், பாதியில் விட்ட கோவாவை வெட்டத் தொடங்கினார்.

வேலை முடிந்து அவர்கள் வெளியே வந்தபோது வான் புகை விட்டுக்கொண்டு நின்றது. வழித்தெடுத்த பனி தெருவோரம் இடுப்பளவு குவிந்திருந்தது. லோகநாயகி அக்கா வழக்கம்போல முதல் ஆளாகப் போய்க் கம்பியைப் பிடித்து ஏறி இருந்துவிட்டார். பார்த்த இமெல்டாவுக்குக் கசந்தது. ஆனாலும் அந்த முழங்காலைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

றெனோல்ட் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். "றெபேக்கா எங்கை, அன்ரி?"

எத்தனை பொய்கள் நாக்கு நுனியில் வந்து வரிசையில் நின்றன! ஓவர்டைம், கூட்டம், தலைச்சுற்று. மூன்று வருடப் பழக்கம் அல்லவா? வாசலில் காவலாளி வந்து நிற்பதை இமெல்டா பார்த்தாள். மடாம் சொல்லி நிறுத்தியிருக்கிறாள்.

"எனக்குத் தெரியும், றெனோல்ட். உனக்குச் சொல்லமாட்டன்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மாறியது. அந்த முகத்தை இமெல்டா அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டாள். றெபேக்கா ஒவ்வொரு நாளும் கண்ட முகம் அது. அவன் ஒரு அடி முன்னுக்கு வந்தான். காவலாளியும் ஒரு அடி முன்னுக்கு வந்தான். றெனோல்ட் நின்றுவிட்டான்.

"குடும்பத்தைப் பிரிக்கிறியளோ? நல்லாயிருங்கோ. நாளையிலிருந்து ஆர் உங்களை ஏத்துறான் எண்டு பாப்பம். இப்ப ஏறுறவை ஏறலாம்."

யாரும் அசையவில்லை. ஆர்த்திகா கார்டெரி மூடும் நேரத்தை நினைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகும் அசையவில்லை. அப்போதுதான் வானுக்குள் அரவம் கேட்டது. லோகநாயகி அக்கா ஒரு காலை வெளியே வைத்தார், கதவைப் பிடித்தார், மற்றக் காலை இழுத்து வைத்தார். அவருக்கு இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். றெனோல்ட் பழக்கதோஷத்தில் கையை நீட்டினான். அக்கா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. தன்பாட்டில் இறங்கி, பஸ் நிற்கும் பக்கமாக நடக்கத் தொடங்கினார்.

பஸ் வரப் பிந்தியது. வந்த பஸ்ஸும் நெருக்கடி. ஒரு மாணவன் எழும்பி இடம்விட, லோகநாயகி அக்கா ஜன்னலோரம் இருந்தார். பக்கத்து ஆசனம் காலியானதும் இமெல்டா அதில் இருந்தாள். முன்னால் ஆர்த்திகா யாருக்கோ போன் எடுத்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும்படி கெஞ்சிக்கொண்டிருந்தாள். நாளைக்கும் நாளை மறுநாளும் இப்படித்தான் இருக்கப் போகிறது. பங்கில் என்னென்ன பேசுவார்கள் என்பதும் இமெல்டாவுக்குத் தெரியும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.

"முழங்கால் நோகுதோ, அக்கா?"

"அது நோகும்." லோகநாயகி அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். கண்ணாடியில் நீராவி படர்ந்திருந்தது, வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. பிறகு, "இமெல்டா" என்றார்.

"சொல்லுங்கோ."

"அந்த லீவு… வயசுபோன ஆக்களுக்கும் இருக்கோ?"

இமெல்டா திரும்பிப் பார்த்தாள். அக்கா திரும்பவில்லை. மடியில் இருந்த கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். கோயில் வாசலிலும் கல்யாண வீட்டிலும் கை கூப்பிக் கும்பிடும் ரங்கநாதன் அண்ணையின் முகம் இமெல்டாவின் கண்ணுக்குள் வந்து நின்றது. இத்தனை வருடமாகப் பக்கத்து ஆசனம், பக்கத்து மேசை. தான் அன்றைக்கு விழுங்கிய வசனங்களுக்காக அந்தச் சாப்பாட்டறையில் காத்திருந்தவள் றெபேக்கா ஒருத்தி மட்டும் இல்லை.

"இருக்கு, அக்கா. எல்லாருக்கும் இருக்கு."

"அப்ப முழுக்கச் சொல்லு."

பஸ் சத்தத்தில் மெல்லச் சொன்னால் கேட்காது. ஆர் கேட்டாலும் கேட்கட்டும் என்று இமெல்டா குரலை உயர்த்தி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.